லோடருக்குச் சுற்றிய துணி

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. இரண்டாவது லோடரை அனுப்புவதற்கு முன் கடைசி சோதனைக்காக இன்ஜின் மூடியைத் திறந்தேன்.

2. இன்ஜினிலேயே அதிகம் சூடாகும் டர்போவுக்குப் பக்கத்தில், எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸ் சட்டத்தின் விளிம்பைத் தாண்டி வளையும் இடத்தில், பச்சைத் துணி சுற்றியிருந்தது. அடுக்கடுக்காக, முனையை உள்ளே செருகி, மேலே நூல் கட்டி.

3. தொட்டேன். விரல் எண்ணெயானது.

4. யார் சுற்றியது என்று கேட்டேன். மேஸ்திரி கையைத் தூக்கினார். முகத்தில் கொஞ்சம் பெருமை.

5. முதல் லோடரிலும் இப்படித்தானா என்று கேட்டேன். "அதுல இன்னும் நல்லா சுத்தினேன்மா" என்றார்.

6. முதல் லோடர் அப்போது வடக்கே ஒரு சுரங்கத்தில், தரைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

7. அதை ஓட்டுபவரைக் கைபேசியில் அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது.

ஏழாவதை அன்று முழுவதும் செய்துகொண்டே இருந்தேன். தரைக்கு அடியில் இருப்பவருக்குக் கைபேசி எடுக்காது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கை போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் ஷெட் ஏனாத்தூர் சாலையில் இருக்கிறது. பின்பக்கம் நெல் வயல், முன்பக்கம் கல்லூரிப் பேருந்துகள். சுரங்கங்களில் பாறை அள்ளி, அடிபட்டுத் தேய்ந்து வரும் லோடர்களை முழுக்கப் பிரித்து, புதுசாக்கித் திருப்பி அனுப்புவது தொழில். சாதாரண லோடர் மாதிரி இருக்காது. கூரை தாழ்ந்த சுரங்கப் பாதைக்காகச் செய்தது. உயரம் குறைவு, நீளம் அதிகம், நடுவில் மடங்கும். ஓட்டுநர் பக்கவாட்டில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுவார். இன்ஜின் அவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். அவர் குடும்பம் பல தலைமுறையாக ஊரில் இரும்பு வியாபாரம் செய்தது. மேஸ்திரிதான் தலைமை ஃபிட்டர். நான் மெக்கானிக்கல் படித்தவள். அனுப்பும் வண்டி தீப்பிடிக்காதபடி பார்ப்பது என் வேலை. மூடியைத் திறந்தால் மூன்று விஷயம் பார்ப்பேன்: எண்ணெய் எங்கே, சூடு எங்கே, இரண்டும் சந்திக்க எங்கே வழி இருக்கிறது.

மேஸ்திரி அந்த வழியைத்தான் துணியால் கட்டி வைத்திருந்தார்.

அவர் வீட்டில் தறி இருக்கிறது. அவரும் அவர் மனைவியும் மாறி மாறி உட்காருவார்கள். பட்டுப் பாவு ஒரு சின்ன மரச் சிலாம்பில் உரசினாலும் இழை போய்விடும். அதனால் பாவு படுகிற மரமோ ஆணியோ எதையும் அவர்கள் மொட்டையாக விடுவதில்லை, பழம்புடவையைக் கிழித்துச் சுற்றிவிடுவார்கள். ஷெட்டில் ஹோஸைப் பொருத்தும்போது அதே விரல்தான் சட்டத்தின் விளிம்பையும் தடவிப் பார்க்கிறது. கூராக இருந்தால் சுற்றிவிடுகிறது. இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

உரசல் என்று அவர் கண்டதில் தப்பில்லை. ஹோஸ் உரசித் தேய்ந்து, ஊசிமுனை அளவுக்குத் துளை விழுந்து, எண்ணெய் மூடுபனி மாதிரிப் பீய்ச்சி, கொதிக்கும் டர்போவில் படுவதற்குத்தான் நாங்களும் பயப்படுகிறோம். ஆனால் அதற்கு விளிம்பை மழுங்கத் தேய்க்க வேண்டும். கிளாம்ப் போட்டு ஹோஸை விலக்க வேண்டும். சூட்டுக்கும் எண்ணெய்க்கும் நடுவே தகடு வைக்க வேண்டும். பருத்தித் துணி இதில் எதையும் செய்யாது. இணைப்புகளில் கசிகிற எண்ணெயைக் குடித்துக்கொண்டு டர்போவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், விளக்குத் திரி மாதிரி. கசிவு கீழே சொட்டினாலாவது யாராவது கவனிப்பார்கள். துணி சொட்டவும் விடாது.

முதல் லோடரை நான் சோதித்தபோது துணி இல்லை. பூஜை முடிந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, டிரெய்லர் வரக் காத்திருந்த நேரத்தில் சுற்றியிருக்கிறார். ஊருக்குக் கிளம்புகிற பெண்ணின் பையில் கடைசி நேரத்தில் எதையாவது திணிக்கிற மாதிரி. இந்த முறை மச்சான் கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்ததால் சோதனைக்கு முன்பே சுற்றிவிட்டார். அதனால்தான் என் கண்ணில் பட்டது.

பாயின் அறைக்குப் போனேன். மேஸ்திரியும் பின்னாலேயே வந்தார்.

"பாய், மொதல் வண்டியை உடனே நிறுத்தச் சொல்லணும்."

விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாய் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப எரிஞ்சிக்கினு இருக்குதா?"

"இல்ல பாய்."

"எரியும்னு உறுதியா சொல்லுவியா?"

"சொல்ல முடியாது."

"அப்பறம் இன்னாமா?"

"எண்ணெய் ஊறிச்சின்னா, லோடோட மேடு ஏறும்போது டர்போ சூடாச்சின்னா, எப்ப வேணா பிடிக்கலாம். இன்னைக்கும் பிடிக்கலாம். ஒரு வருசம் பிடிக்காமலும் இருக்கலாம்."

"அந்தச் சுரங்கத்துக்காரன் இன்னும் நாலு வண்டி தர்றேன்னு பேசிக்கினு இருக்கறான். இப்ப நான் போன் போட்டு, ஐயா, உன் வண்டிக்குப் புடவை சுத்தி அனுப்பிட்டோம்னா இன்னா சொல்லுவான்? புடவை வேணும்னா கடைக்கே போயிருப்பேனேன்னு சொல்லுவான்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். பாய் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார்.

"சர்வீஸ்னு சொல்லி அடுத்த வாரம் ஆள் அனுப்பறேன். சத்தமில்லாம அவுத்துட்டு வரட்டும். அவ்ளோதான்."

"அடுத்த வாரம் வரைக்கும் அந்த அண்ணன் அதும் பக்கத்துலதான பாய் உக்காந்துக்கினு ஓட்டணும்?"

அந்த அண்ணன் என்று நான் சொன்ன ஓட்டுநரைப் பாய்க்கும் தெரியும். கோலார்ப் பக்கத்துத் தமிழர்; அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். முதல் லோடரைப் பழகுவதற்காக எங்கள் ஷெட்டுக்கு வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்தார். தீப்பிடித்தால் செய்ய வேண்டியதைத் தினமும் அவரை ஒப்பிக்க வைப்பேன். அதனால் எனக்கு டீச்சர் என்று பேர் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் குரலில், "இன்ஜினை நிறுத்து, அணைப்பான் பொத்தானை அமுக்கு, இறங்கு, காத்து வர்ற பக்கமா போ, டீச்சர்" என்பார். ஒருநாள் மட்டும் விளையாட்டில்லாமல் பேசினார். "நெருப்பு ஒரு எடத்துலதான் இருக்கும் டீச்சர். அதுகிட்டருந்து தப்பிச்சிரலாம். பொகை காத்தோட சேந்து எல்லா எடத்துக்கும் வரும். எனக்கு அந்தப் பக்கம் தள்ளி வேலை செய்யறவன்கிட்டயும் போவும்." பாய் அவரை ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டவர்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு தன் கைபேசியில் சுரங்கத்து இயந்திரப் பொறுப்பாளரின் எண்ணை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"நீயே பேசு. எனக்கு இங்கிலீஷ்ல சண்டை போட வராது."

பொறுப்பாளர் பொறுமையான மனிதர்தான். துணியா என்று இரண்டு முறை கேட்டார். வண்டி கீழே இருக்கிறது, ஷிஃப்ட் முடிந்து ஆள் மேலே வந்ததும் சொல்கிறேன் என்றார். உங்களிடம் ரேடியோ இருக்கிறதே, இப்போதே சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன், ஆனால் எங்கெங்கே துணி இருக்கிறது என்று படம் அனுப்புங்கள், கீழே வைத்து மொத்த வண்டியையும் பிரித்துத் தேட முடியாது என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட, அழைப்பு முடிந்தது. ரேடியோவில் சொன்னாரா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை.

மேஸ்திரியிடம் கேட்டேன்: "மொதல் வண்டியில எங்கெங்க சுத்தினீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "டர்போ பக்கம். அப்பறம் நடு மடிப்புல. அப்பறம்… கை போன எடத்துலல்லாம் சுத்தினேன்மா. அதை யாரு ஞாபகம் வெச்சிக்குவாங்க? நீ சாப்பிடும்போது எந்தக் கவளத்துல உப்பு ஜாஸ்தின்னு ஞாபகம் வெச்சிப்பியா?"

எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே இடத்தில் நிற்கவும் முடியவில்லை. ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தேன். இரண்டு லோடரும் ஒரே மாடல். ஹோஸ் போகிற பாதை ஒன்றே. சுற்றிய கையும் ஒன்றே. இந்த வண்டியில் சுற்றியிருந்ததைக் கணக்கெடுத்தால் போதாது, ஏனென்றால் முதல் வண்டியில் இன்னும் நன்றாகச் சுற்றினேன் என்று அவரே சொல்லிவிட்டார். திரும்பி வந்தேன்.

"இந்த வண்டியில இருக்கறதெல்லாம் அறுத்துடலாம். அப்பறம் நீங்க முதல்லருந்து சுத்துங்க. மொதல் வண்டிக்கு எப்படிச் சுத்தினீங்களோ அதே மாதிரி."

"இன்னாது? இப்பத்தான தப்புன்னு சொன்ன?"

"தப்பைத்தான் கேக்கறேன்."

துணியெல்லாம் அறுத்து டப்பாவில் போட்டோம். புதுத் துணி மூட்டையை அவர் காலடியில் வைத்துவிட்டு நான் கைபேசியோடு பக்கத்தில் நின்றேன். கை நகரவில்லை. ஒரு ஹோஸைத் தொடுவார், என்னைப் பார்ப்பார், விட்டுவிடுவார்.

"பாம்பு மாதிரி பாத்துக்கினு நின்னா எப்படிமா சுத்தறது?"

அவர் கண்ணில் படாமல், பாறை அள்ளும் பக்கெட் பக்கம் போய் உட்கார்ந்தேன். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். மண்டபம் எங்கே?

"வாலாஜாபாத்துல. தென்னேரியில பண்ணணும்னு பொண்ணு வீட்டுல ஒத்தக் கால்ல நின்னாங்க. அங்க மண்டபம் சின்னது. என் மச்சான் இன்னா பண்ணான் தெரியுமா…"

துணி கிழிகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. முகூர்த்தப் புடவை யார் நெய்தது என்று கேட்டேன். அது பெரிய கதை. கலர் சரியில்லை என்று பெண்ணின் அக்கா இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். "ஊருக்கே புடவை நெய்யறோம், எங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை அமையல பாரு" என்றார். நடுநடுவே துணி கிழிந்தது. குரல் இன்ஜின் பக்கத்திலிருந்து நடு மடிப்புக்கும், அங்கிருந்து கியர்பாக்ஸ் பக்கத்துக்கும் நகர்ந்துகொண்டே போயிற்று. சீர்வரிசைச் சண்டைக்கு வந்தபோது வண்டிக்கு அடியிலிருந்து பேசினார்.

பிறகு நான் எழுந்துபோய் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். நான் நினைத்ததைவிட அதிகம். கியர்பாக்ஸுக்குப் பின்னால், அடித்தகட்டுக்கு மேலே, ஸ்டார்ட்டர் கேபிள் ஒரு ஓட்டை வழியாக நுழைகிற இடத்திலும் சுற்றியிருந்தார். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிள் அது. அங்கே உரசினால் பொறி பறக்கும். அந்தத் துணியை வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. கைபேசியை உள்ளே நீட்டி, பார்க்காமலேயே படம் எடுத்தேன்.

"இங்கயும் சுத்தினீங்களா அண்ணா, மொதல் வண்டியில?"

மேஸ்திரி குனிந்து பார்த்தார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "கை போயிருக்குதே. அப்ப சுத்தித்தான் இருப்பேன்." பிறகு, "அந்தத் தம்பிக்கு ஒண்ணும் ஆவாதில்லமா?" என்றார்.

பொறுப்பாளரின் எண்ணை எடுத்தேன். படங்களை அனுப்பினேன்.

படங்கள் போய்ச் சேர்ந்தன. யாரும் திறந்து பார்க்கவில்லை. அம்மா அழைத்தாள். சாயங்காலம் மாமா வீட்டுக்காரர்கள் வருகிறார்கள், வரும்போது கால் கிலோ காராபூந்தி வாங்கி வா என்றாள். சரி என்று வைத்துவிட்டு எதற்குச் சரி சொன்னேன் என்று யோசித்தேன். ஒன்றும் செய்யாமல் இருக்க முடியாமல், சுற்றிய துணிகளையெல்லாம் மறுபடி அறுத்தேன். சட்டத்தின் விளிம்பு ஒவ்வொன்றையும் கிரைண்டர் போட்டு மழுக்கச் சொன்னேன். மேஸ்திரி தேய்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. பாய் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து, "வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். சுரங்கத்தில் தீ என்று ஏதாவது செய்தி இருக்கிறதா என்று கைபேசியில் தேடினேன். ஒன்றும் இல்லை. அதனால் நிம்மதியும் வரவில்லை.

வயலில் வெயில் இறங்கிய பிறகு அழைப்பு வந்தது.

"டீச்சர், என் வண்டிக்கு யாரு சட்டை தெச்சிப் போட்டது?"

டயர் மேல் உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன், பாயும் மேஸ்திரியும் வந்து நின்றார்கள்.

ரேடியோவில் நிறுத்தச் சொன்னார்களாம். லோடு எடுத்துக்கொண்டு மேடு ஏறும்போது. ஏன் என்று தெரியாமல் ஓரங்கட்டியிருக்கிறார். பிறகு படங்கள் வர, மெக்கானிக்கோடு சேர்ந்து துணிகளைத் தேடி அறுத்திருக்கிறார்.

"டர்போ பக்கத்துத் துணி இருக்குதே டீச்சர், பழுப்பாயி, அப்பளமாட்டம் நொறுங்குது. அடிப்பக்கம் சொதசொதன்னு எண்ணெய். கையில எடுத்ததும் அந்த மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னான், உங்ககிட்ட சொல்ல முடியாது."

மேஸ்திரி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சா?"

"ஒண்ணைத் தவிர. கடைசிப் படம், அந்தக் கேபிள் ஓட்டை. அங்க கை போவல. அடித்தகட்டை எறக்கணும், அதைப் பிரிக்கத் தெரிஞ்ச ஆள் இங்க இல்ல, மெயின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவணும். நாளைக்கு வண்டியை எடு, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்ங்கறாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் டிரைவர் டீச்சர். டிரைவர்கிட்ட யாரு கேக்கறா? நீங்க சொல்லுங்க. எடுக்கவா, வேணாமா?"

அந்த ஓட்டையில் துணி இருக்கிறதா என்பதே எனக்கு உறுதியாகத் தெரியாது. ஒரு கல்யாணக் கதையின் நடுவே போன கை மட்டும்தான் ஆதாரம்.

"எடுக்காதீங்க."

"சரி. நான் எடுக்கல. வேற ஒருத்தன் எடுப்பான். புதுசா வந்த பையன் ஒருத்தன் இருக்கறான், எந்த வண்டியைக் குடுத்தாலும் எடுத்துடுவான்."

பாய் கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார். "தம்பி, நீ வெச்சிடு. நான் பேசிக்கறேன்" என்றார். பொறுப்பாளரை அழைத்தார். எடுத்ததும் உருதுவில் ஆரம்பித்தார். வடக்கே இருப்பவருக்கு அது நன்றாகவே புரிந்தது. எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. குரலை உயர்த்தவில்லை. தவறு எங்களுடையது என்றார். அடித்தகட்டை எங்கள் ஆள் வந்து இறக்கிப் பார்க்கும்வரை யாரும் அந்த வண்டியைக் கிளப்பக்கூடாது, இதை இப்போதே எழுத்திலும் அனுப்புகிறேன், அதற்குப் பிறகு கிளப்பினால் பொறுப்பு உங்களுடையது என்றார். மறுபக்கம் நெடுநேரம் பேசியது. பாய் ஜீ, ஜீ என்று கேட்டுக்கொண்டார். வைத்த பிறகு என்னைப் பார்க்காமல், "எழுது. துணின்னே எழுது. வேற பேரு வெக்காத" என்றார்.

எழுதி அனுப்பினேன். வாகனம் நிறுத்தி வைக்கப்படும் என்று ஒரு வரிப் பதில் வந்தது.

"யாரை அனுப்பறது?" என்று பாய் கேட்டார்.

"நான்தான் போவணும். வேற யாருக்குத் தெரியும்?" என்றார் மேஸ்திரி.

"உன் மச்சான் கல்யாணம்யா."

"அவன் கட்டிக்குவான், நான் போய்த் தாலி எடுத்துக் குடுக்கணும்னு இல்ல. வீட்டுலதான் பேசிக்கினே இருப்பா, ஒரு வருசத்துக்கு."

சென்னையிலிருந்து வரவழைத்த தீத்தடுப்பு உறைகளை மறுநாள் அவர் பையில் வைத்தேன். கண்ணாடி இழையில் பின்னி, மேலே ரப்பர் பூசிய குழாய் மாதிரி உறை. ஹோஸ் மேல் மாட்டுவது. அவர் ஒன்றை எடுத்து வெட்டிய முனையைப் பிரித்துப் பார்த்தார்.

"இதுவும் துணிதானமா?"

"துணிதான். ஆனா எரியாது. எண்ணெய் குடிக்காது. கையுறை போட்டுக்கங்க, அரிக்கும்."

"இன்னும் கொஞ்சம் நெருக்கமா பின்னியிருக்கலாம்" என்றபடி பையில் போட்டுக்கொண்டார்.

இதை எழுதும் இன்று நிலவரம் இது. முதல் லோடர் கீழேதான் நிற்கிறது, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டார்கள். மேஸ்திரி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் இன்னும் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. முதல்முறை கீழே போகிறவருக்கு மருத்துவப் பரிசோதனையும் பாதுகாப்புப் பயிற்சியும் முடிய வேண்டும். இரண்டாவது லோடர் துணி இல்லாமல், கிளாம்பும் தகடும் போட்டு, எங்கள் ஷெட்டில் தயாராக நிற்கிறது. எடுத்துப்போக டிரெய்லர் வரவில்லை. நான்கு வண்டிகளைப் பற்றி அவர்கள் பேசவில்லை, பாயும் கேட்கவில்லை. ஓட்டுநருக்கு வேறொரு லோடரைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் புதுப்பித்தது நாங்கள் அல்ல. அதன் இன்ஜின் மூடியை நான் திறந்து பார்த்ததில்லை.